மறுநாளைப் பற்றி விசாரிக்காதவன்

1

இந்தக் கதை முதலில் கட்டுரையாகத்தான் இருந்தது. தமிழ்நாட்டுப் பத்திரிகை ஆசிரியர் ஒருவர், "அங்கே இருக்கும் இந்தியர்களின் அன்றாடத்தைப் பற்றி லேசாக, சின்னச் சின்ன அவதானிப்புகளாக எழுதித் தாருங்கள். வயதானவர் சொன்னால் வாசகர்கள் நம்புவார்கள்" என்று கேட்டிருந்தார். என்னை அறியாதவர், பாவம். நார்வேயின் வடகோடியில், மீன் ஆலையில் கத்தி தீட்டியே ஓய்வு பெற்ற கிழவன் நான். இந்த ஊரில் நான் மணி சொன்னால்கூட, கேட்டவர்கள் தங்கள் கைக்கடிகாரத்தையும் ஒருமுறை பார்த்துக்கொள்வார்கள்.

எழுத உட்கார்ந்தேன். மாடிப்படியில் எதிர்ப்பட்டால் சுவரைப் பார்த்தபடி இறங்கும் பக்கத்து வீட்டுக்காரர், நாம் எழுந்திருப்பதற்குள் நம் வாசல் பனியையும் சேர்த்துத் தள்ளிவிட்டுப் போயிருப்பார் என்று ஒரு பத்தி. பால் என்று நினைத்துக் காப்பியில் புளித்த மோரை ஊற்றிக்கொள்ளாத இந்தியன் இந்த நாட்டில் கிடையாது என்று இன்னொரு பத்தி. மூன்றாவது பத்தியில் ராம்பிரவேஷ் வந்து உட்கார்ந்துகொண்டான். உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. கட்டுரை போயிற்று.

2

ராம்பிரவேஷ் பீகார்க்காரன். பேகூசராய்ப் பக்கம். எங்கள் ஆலையில் மீன் அறுக்கும் இயந்திரங்களைப் பழுது பார்ப்பவன். போன வசந்தத்தில்தான் மனைவி விபாவோடு வந்து சேர்ந்தான். அவனை வைத்துத் தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன்.

"ராம்பிரவேஷ் விடியற்காலையில் கண் விழித்தபோது…"

(நிறுத்திவிட்டேன். கதை நடப்பது நவம்பரில். விடியற்காலை என்கிற சரக்கு அப்போது இங்கே இருப்பில் இருக்காது.)

"கதிரவன் தன் பொற்கரங்களை நீட்டி…"

(கரம் கிடக்கட்டும், ஆளையே காணோம்.)

"பேகூசராயில் ஓர் அம்மாவின் முழங்கால்கள் தண்ணீரில் நிற்க மறுத்தன."

இது நிற்கிறது. முழங்கால் நிற்காவிட்டாலும் வாக்கியம் நிற்கிறது. இப்படியே போவோம்.

3

பேகூசராயில் ஓர் அம்மாவின் முழங்கால்கள் தண்ணீரில் நிற்க மறுத்தன. தீபாவளி கழிந்த சஷ்டியில், நம் பக்கம் சூரசம்ஹாரம் நடக்கிற அதே நாளில், பீகார்க்காரர்களுக்குச் சட் விரதம். முதல்நாள் இரவு ஒரு வாய் பாயசம். அதன்பிறகு பச்சைத் தண்ணீர் கிடையாது. சஷ்டி மாலையில் இடுப்பளவு நீரில் நின்று, பலகார முறத்தை ஏந்தி, அதன்மேல் பால் வார்த்து, மறைகிற சூரியனுக்கு அர்க்கியம். மறுநாள் காலை அதே நீரில் நின்று உதிக்கிற சூரியனுக்கு அர்க்கியம். பிறகுதான் வாயில் தண்ணீர்.

உதிக்கிறவனைக் கும்பிட எல்லோரும் இருக்கிறார்கள். மறைகிறவனை முதலில் கும்பிடுகிறவர்கள் இவர்கள். இதை எழுதும்போது என் பேனா கொஞ்சம் தயங்கியது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அது சாதாரணமாகத் தயங்காது.

ராம்பிரவேஷ் கைக்குழந்தையாக நோயில் கிடந்து பிழைத்த வருஷம் அந்த அம்மா எடுத்த விரதம் இது. செப்டம்பரில் ஒருநாள் போன் செய்தார்.

"பபுவா, இந்த வருஷம் என் காலு ஆத்துல நிக்காது. யாராவது எடுத்துக்கணும். நடுவுல விட்டுட்டா நம்ம வீட்டுல அதோட முடிஞ்சுது. மறுபடி எடுக்க முடியாது, தெரியுமில்ல?"

"விபா எடுத்துக்கட்டுமே, மா."

"துல்ஹினுக்குப் பசி தாங்காது. அவ நல்ல பொண்ணு. ஆனா பசி தாங்காது."

பக்கத்தில் நின்ற துல்ஹின், அதாவது மருமகள் விபா, "ஒலிபெருக்கியில போட்டிருக்கீங்க, ஏங்க" என்றாள்.

"கேக்கட்டும்னுதான் சொன்னேன்" என்றது போன்.

அப்போது ஜன்னலுக்கு வெளியே சூரியன் மறைந்துகொண்டிருந்தது. செப்டம்பர் பாருங்கள். கடல் முழுக்கக் குங்குமம் கரைந்த மாதிரி இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே அவன், "சரி மா, நான் எடுத்துக்கறேன்" என்றான். அந்தச் சூரியனைப் பார்த்தால் யாரும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

4

அவனை முட்டாளாகக் காட்டுவது எனக்குச் சுலபம். ஆனால் அவன் விசாரிக்காமல் இல்லை. அதுதான் விஷயமே.

அக்டோபர் முடிவில் மலை சூரியனை விழுங்கிவிட்டது. ஊர் மலைக்கு வடக்கே இருக்கிறது. சூரியன் தெற்கே தாழத் தாழ மலையைத் தாண்டி எட்டிப் பார்ப்பதில்லை. ராம்பிரவேஷ் பதறிப்போய், ஆலைக்கு மீன் கொண்டுவரும் படகுக்காரர் ஓட்வாரிடம் ஓடினான்.

"ஓட்வார், சூரியன் மறையறதப் பாக்கணும். இந்தத் தேதியில. முடியுமா?"

ஓட்வார் காப்பியை உறிஞ்சியபடி கணக்குப் போட்டார். "ஊர்ல முடியாது. வெளிய, பாறைத்தீவு வரைக்கும் படகுல போனா முடியும். தெற்கே தீவுகளுக்கு நடுவுல ஒரு சந்து இருக்கு, அங்க கடல் விளிம்பு தெரியும். மதியம் வருவாரு, கொஞ்ச நேரத்துல போயிடுவாரு. எதுக்கு?"

"தண்ணியில நின்னு கும்பிடணும்."

"எந்தத் தண்ணியில?"

"கடல்ல."

ஓட்வார் கோப்பையைக் கீழே வைத்தார். "நவம்பர்லயா? உங்க ஊர்ல உன்மேல ஏதாவது கேஸ் இருக்கா?"

இப்படியாகச் சூரியன் மறைவது உறுதியாயிற்று. படகு உறுதியாயிற்று. பக்கத்து நகரத்து ஈழத்துக்காரர் கடையிலிருந்து வெல்லமும் தேங்காயும் வந்தன. (கரும்பு வரவில்லை. துருவத்துக்கு வெல்லம் வந்ததே பெரிது.) மூங்கில் முறத்தை அவன் ஊரிலிருந்தே கொண்டுவந்திருந்தான். நெய்யில் பொரித்த தேக்குவாப் பலகாரத்தின் வாசனையை மோப்பம் பிடித்து, மேல்வீட்டு நார்வேக்காரி முதல் தடவையாகக் கதவைத் தட்டிப் பேசினாள்.

எல்லாவற்றையும் விசாரித்தான். ஒன்றை மட்டும் விசாரிக்கவில்லை. மறைந்த சூரியன் மறுநாள் உதிக்குமா என்று அவன் யாரையும் கேட்கவில்லை.

நீங்கள் கேட்டிருப்பீர்களா? கங்கைக் கரையில் பிறந்த எவனாவது கேட்டிருப்பானா?

5

(விபா என்கிற பாத்திரம் எனக்குக் கட்டுப்படவில்லை. முதல் படியில் அவளைக் கணவனுக்காகக் கண்ணீர் விடுகிறவளாக எழுதினேன். உண்மையில் அவன் விரதமிருந்த நேரமெல்லாம் அவள் பக்கத்து அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ரொட்டியும் பழுப்புச் சீஸும் தின்றாள். "அவர் முன்னாடி தின்னா பாவம். தின்னாமலே இருந்தா தலைவலி" என்பது அவள் சித்தாந்தம். கண்ணீரை அடித்துவிட்டேன்.)

சஷ்டி மதியம் படகு கிளம்பியது. படகில் ராம்பிரவேஷ், விபா, ஓட்வார். பாறைத்தீவின் ஓரத்தில் ஆழமில்லாத ஒரு இடம் உண்டு, அங்கே கட்டினார்கள். இடுப்பு வேட்டியோடு இறங்கப்போனவனை ஓட்வார் பிடித்து, கடலில் விழுந்தவர்களை மிதக்கவைக்கும் ஆரஞ்சு நிற முழு உடுப்புக்குள் திணித்தார்.

அது மிதக்கவைக்கும் உடுப்பு. தன் வேலையைச் செய்தது. முறத்தை ஏந்தி நீரில் இறங்கிய ராம்பிரவேஷின் கால்கள் மெல்ல மேலே எழும்பின. மல்லாந்தான். இரண்டு பாதங்களும் நேராகத் தெற்கே நீண்டன.

"ஏங்க, சூரிய பகவானுக்கு நேரா காலை நீட்டறீங்க!" என்று விபா கத்தினாள்.

"நானா நீட்டறேன்? உடுப்பு நீட்டுது!"

"அம்மா பாத்தா என்ன சொல்வாங்க!"

"மொதல்ல காலைப் பிடி!"

ஓட்வார் கொக்கிக் கழியால் அவனை நிமிர்த்தி, நங்கூரச் சங்கிலியை இடுப்பில் இரண்டு சுற்றுச் சுற்றினார். உலகத்திலேயே நங்கூரம் கட்டிக்கொண்டு சட் பூஜை செய்தவன் அவன் ஒருவன்தான்.*

* இந்த வாக்கியத்தை யாரும் சரிபார்க்க முடியாது. அதனால்தான் எழுதினேன்.

அப்போது சந்தில் அவர் வந்தார். முழுசாகக்கூட இல்லை. நகக்கண் அளவு ஒரு சிவப்பு விளிம்பு கடல்மேல் எட்டிப் பார்த்தது. எழும்பவில்லை. கடலோரமாகவே, சுவரைத் தடவிக்கொண்டு போகிற நோயாளிபோல, வலப்பக்கமாக நகர்ந்தது. தண்ணீர், படகு, விபாவின் கன்னம், ஓட்வாரின் தாடி எல்லாம் ஒரே செம்பு நிறமாயின. ராம்பிரவேஷின் உதடுகள் அசைந்தன. முறத்தின் விளிம்பிலிருந்து பால் ஒழுகிக் கடலில் விழுந்தது. ஒழுகி முடிப்பதற்குள் விளிம்பு தண்ணீருக்குள் போயிற்று.

நான் இந்த இடத்தில் ஒரு உவமை போடலாமென்று நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். வரவில்லை.

கடைசியில் ஓட்வார்தான் பேசினார். "தை மாசம்… அதாவது ஜனவரியில அவர் திரும்பி வர்ற அன்னிக்கு நாங்க பன் சுட்டுத் தின்போம். பிள்ளைங்க பாட்டுப் பாடும். ஊரே மலையேறி நிக்கும். போற அன்னிக்கு ஒருத்தனும் எட்டிப் பாத்ததில்ல. எனக்கு எழுபது ஆகப்போகுது. இன்னிக்குத்தான் வழியனுப்பியிருக்கேன்."

(ஓட்வார் தை மாதம் என்று சொல்லவில்லை. அது என் கைவேலை.)

ராம்பிரவேஷ் சங்கிலியை அவிழ்த்துக்கொண்டே கேட்டான்: "ஜனவரின்னா?"

"அவர் திரும்பி வர்றது."

"நாளைக்கு?"

"நாளைக்கு எங்க வர்றது? இன்னிக்குத்தான் கடைசி."

6

இனி அவன் மனசுக்குள் போக வேண்டும். போனேன். அங்கே ஒன்றும் இல்லை. ஒரு பெரிய வெள்ளைச் சுவர். அதன் முன்னால் ஒருவன் உலர்ந்த நாக்கோடு நின்றுகொண்டிருந்தான். பாதி விரதம் கையில். மறு பாதி தை மாதத்தில்.

கரை சேர்ந்ததும் விமான நிலையத்துக்குப் போன் செய்தான். சூரியன் இருக்கும் தெற்கு ஊர் எதற்காவது போய்விடலாம். காற்று எழும்பிவிட்டது, விமானங்கள் ரத்து என்றார்கள். மலைப்பாதையிலும் தடைக்கட்டையை இறக்கிவிட்டிருந்தார்கள். பிறகு அம்மாவுக்குப் போன் செய்தான்.

"சூரியன் வராதா? யாரு சொன்னது, சர்க்காரா?"

"இங்க அப்படித்தான் மா. ரெண்டு மாசத்துக்கு வராது."

அம்மா மெதுவாகச் சொன்னார்: "இங்கயும் மேகம் மூடியிருக்கு, பபுவா, எத்தனையோ வருஷம். நேரம் பாத்து அர்க்கியம் விட்டிருக்கோம். ஆனா மேகத்துக்குப் பின்னாடி அவர் இருப்பாரு. அங்க பின்னாடியே இல்லன்னு சொல்ற. இதுக்கு என்ன பண்றதுன்னு எனக்கு யாரும் சொல்லிக் குடுக்கல."

"நான் தண்ணி குடிச்சிடட்டுமா?"

"குடிக்காதேன்னு சொல்ல எனக்கு மனசு வரல. குடின்னு சொல்ல வாய் வரல."

அண்ணன் மகள் போனை வாங்கினாள். "சாச்சா, காலையில நாங்க ஆத்துக்குப் போய் வீடியோவுல சூரியனக் காட்டறோம். நீங்க அதைப் பாத்து அர்க்கியம் விட்டுடுங்க!"

ராம்பிரவேஷ் யோசித்தான். நியாயமான யோசனைதான். ஆனால் மறுப்பாகத் தலையை ஆட்டினான். "போன்ல வர்றவருக்கு எந்தத் தண்ணியில நின்னு விடறது, பிட்டியா? அது உங்க சூரியன். நான் நிக்கற தண்ணி வேற."

போனை வைத்தபின் விபா கேட்டாள்: "நாளைக்குப் படகு எத்தனை மணிக்கு?"

"எதுக்கு? அதான் வர மாட்டாரே."

"வராதது அவர் பாடு. நாம போகலைன்னா அது நம்ம பாடா ஆயிடும். போய் நிப்போம். அப்புறம் பாத்துக்கலாம்."

கண்ணீரை அடித்துவிட்ட இடத்தில் அவள் இதை வைத்தாள். நான் எழுதவில்லை.

7

இங்கே முடிவுகள் தேவைப்படுகின்றன. என்னிடம் கையிருப்பு உண்டு.

முடிவு அ: அவன் தை வரை விரதமிருந்தான். கன்னம் ஒட்டியது, கண் உள்ளே போனது. கடற்கரையில் கருவாடு தொங்கும் மரச்சட்டங்களுக்கு நடுவே அவன் நடந்தால், எது கருவாடு, எது ராம்பிரவேஷ் என்று காக்கைகள் குழம்பி… தை பிறந்தது, வழி பிறந்தது.

(இங்கே கருவாடு காயப்போடுவது மாசிக்குப் பிறகுதான். பொய்யிலும் பருவம் பார்க்க வேண்டும். அடித்தாயிற்று.)

முடிவு ஆ: அவன் அயர்ந்து தூங்கும்போது விபா அவன் வாயில் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடுகிறாள். இலக்கியமாக இருக்கிறதே என்று விபாவிடமே வாசித்துக் காட்டினேன்.

"தூங்கறவர் வாயில தண்ணி ஊத்த நான் என்ன கொலைகாரியா, சாச்சா? மூச்சுக்குழல்ல போயிடாது? அதுவும் அவர் குறட்டைக்கு!"

அடித்தாயிற்று.

மிச்சமிருப்பது நடந்தது ஒன்றுதான். நடந்ததை எழுதிப் பழக்கமில்லை. அதுவும் இது என் பொய்கள் எல்லாவற்றையும்விட மோசமாக இருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

8

மறுநாள் காற்று செத்துக் கிடந்தது. கடல் எண்ணெய்போல அசையாமல் இருந்தது. குளிர் மட்டும் வாளாக இறங்கியது. பாறைத்தீவை நெருங்கும்போதே ஏதோ சரியில்லை. தூரத்துத் தீவு ஒன்று தண்ணீரைவிட்டுக் கிளம்பி அந்தரத்தில் நின்றது. அதன் மேலேயே அதே தீவு தலைகீழாகத் தொங்கியது.

ஓட்வார் எஞ்சினை நிறுத்தினார். தொப்பியைக் கழற்றினார். இத்தனை வருஷப் பழக்கத்தில் அவர் வழுக்கையை நான் பார்த்தது அன்றுதான்.*

* மாட்டிக்கொண்டேன். சரி: படகில் நாங்கள் நான்கு பேர். இரண்டு நாளும் கயிறு பிடித்தவன் நான். நான் இருந்தேன் என்று தெரிந்தால் ஊரில் ஒருவரும் நம்பமாட்டார்கள் என்பதால் என்னைக் கதையிலிருந்து இறக்கிவிட்டிருந்தேன். ஓட்வாரின் வழுக்கைக்காகத் திரும்ப ஏறிவிட்டேன். இனி இறங்கப்போவதில்லை.

ராம்பிரவேஷ் சங்கிலியைச் சுற்றிக்கொண்டு நீரில் நின்றான். முறத்தில் தேங்காய், வாழைப்பழம், பலகாரம். எதிரே சந்து. அதில் நீலச் சாம்பல் நிறம், வேறொன்றுமில்லை. அவன் கண்ணை மூடினான்.

விபாதான் முதலில் பார்த்தாள். என் முழங்கையைப் பிடித்து நசுக்கினாள்.

கடல் விளிம்பில் ஒரு கோடு. கொல்லன் உலையிலிருந்து எடுத்த இரும்புப் பட்டைபோல நீளமாக, தட்டையாக, சிவப்பாக. அது தடித்தது. மேலே இன்னொரு பட்டை. அதற்கு மேலே இன்னொன்று. மூன்றும் ஒட்டிச் சதுரமாயின. நான் சொல்வதைக் கேளுங்கள்: சதுரம். நான்கு மூலையும் இருந்தது. எரிகிற வாசல்போல அது கடல்மேல் நின்றது. அதிலிருந்து ஒரு சிவப்புப் பாதை புறப்பட்டு, அசையாத தண்ணீரின்மேல் நேராக வந்து, ராம்பிரவேஷின் இடுப்பைத் தொட்டது.

என் காலடியில் பலகை இருக்கிறதா என்று நான் குனிந்து பார்த்துக்கொண்டேன்.

"வந்துட்டார்" என்றான் ராம்பிரவேஷ்.

ஓட்வார் தொப்பியைப் பிசைந்தார். "ராம். உங்கிட்ட மறைக்கக் கூடாது. அது அவர் இல்ல."

"அப்ப அது யாரு?"

"அவர் இன்னும் கீழதான் இருக்காரு, கடலுக்கு அந்தப் பக்கம். மேல வர மாட்டாரு. குளிர்ந்த காத்து தண்ணிமேல படிஞ்சு கெடக்கு. அது அவர் வெளிச்சத்த வளைச்சு இங்க கொண்டாந்து காட்டுது. சின்ன வயசுல ஒருதடவ பாத்திருக்கேன். சொன்னா ஒருத்தரும் நம்பல. அப்புறம் நானும் சொல்றத விட்டுட்டேன்."

"அவர் வெளிச்சம்தானே?"

"வெளிச்சம் அவரோடதுதான்."

"ஆனா அவர் வரல."

"அவர் வரல."

ராம்பிரவேஷ் முறத்தை மார்போடு இறக்கிக்கொண்டான். நேற்றிரவு போனில் வருகிற சூரியனை வேண்டாமென்று சொன்னவன் அவன். எல்லோரும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

விபா படகின் விளிம்பில் குனிந்தாள். "ஏங்க. வர முடியாத எடத்துக்குக் கையையாவது நீட்டியிருக்காரு. கை நீட்டினவர வாசல்ல நிக்கவெச்சு, நீங்க ஆதார் அட்டை கேட்டுட்டிருக்கீங்க."

அவன் சிரித்தானா அழுதானா தெரியவில்லை. உலர்ந்த உதடு வெடித்து ரத்தம் வந்தது. முறத்தைத் தலைக்கு மேலே தூக்கினான். பால் விழுந்தது. விழுகிற பாலுக்குள்ளும் அந்தச் சிவப்பு இருந்தது. சதுரம் நடுவில் பிளந்து, பட்டைகளாகி, கோடாகி, இல்லாமல் போயிற்று.

9

அவனைப் படகுக்குள் இழுத்துப் போட்டோம். விபா பையிலிருந்து பித்தளை டம்ளரை எடுத்துத் தண்ணீர் ஊற்றினாள். உதயம் பார்த்தவன் குடிக்கலாம். விரதம் நிறைந்தது, வீட்டில் தங்கியது. பார்க்காதவன் குடித்தால் அது முறிந்தது. அந்த வீட்டில் இனி இல்லை.

அவன் டம்ளரை வாங்கவில்லை. "விட்டது விட்டாச்சு. போய்ச் சேந்துதான்னு தெரியல" என்றான். ஓட்வாரைப் பார்த்தான். அவர் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டவர், எஞ்சினைப் பார்த்தார். விபாவைப் பார்த்தான். அவள், "நான் சொன்னா, புருஷன் பசிக்காகச் சொன்னேன்னு ஆயிடும்" என்றாள்.

பிறகு என் பக்கம் திரும்பினான்.

"சாச்சா, நீங்களும் பாத்தீங்களே. நீங்க சொல்லுங்க. அது உதயமா?"

இந்த ஊரில் இத்தனை வருஷத்தில் யாரும் என்னிடம் எது நிஜம் என்று கேட்டதில்லை. கேட்டவன் நாக்கு வறண்டு கிடக்கிறான். என் வாயில் எப்போதும் தயாராக நிற்கிற வாக்கியங்களில் ஒன்றுகூட வரிசையில் இல்லை. தெற்கே சந்து மறுபடி சாம்பலாகிவிட்டது. நாங்கள் பார்த்ததற்குக் கடல்மேல் ஒரு அடையாளமும் இல்லை.

நான் என்ன சொன்னேன் என்பதை எழுதப்போவதில்லை. எழுதினாலும் நம்பமாட்டீர்கள், நான் சொன்னது பொய் என்று நினைத்து அதற்கு நேர்மாறாக முடிவு கட்டுவீர்கள். ஆகவே என்னை விட்டுவிடுங்கள். இந்தப் பக்கத்தைப் படித்த நீங்களும் படகில்தான் இருக்கிறீர்கள். அந்தச் சதுரத்தை நீங்களும் பார்த்துவிட்டீர்கள். விபா டம்ளரை உங்களிடம் நீட்டுகிறாள். அவன் உங்கள் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

சீக்கிரம் சொல்லுங்கள். டம்ளரில் தண்ணீர் விளிம்பிலிருந்து உறைய ஆரம்பித்துவிட்டது.